ஒற்றைக் கீலில் தொங்கும் திரை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புகழேந்தி அந்த கேம் மிஷினை அறைந்து மூடிய சத்தம், ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் மெர்சியின் காதை விட்டுப் போகவில்லை.

பெரிய சண்டை என்று சொல்ல முடியாது. மெர்சி அவனுக்குத் தெரியாமல் ஷூ கம்பெனி மேனேஜர் சாமிநாதனைப் போய்ப் பார்த்திருக்கிறாள், வீட்டுக்காரருக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள் என்பது புகழேந்திக்கு வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. அவன் கத்தவில்லை. கையில் இருந்ததை ஓங்கி மூடினான். டக்கென்று பிளாஸ்டிக் தெறித்தது. அதோடு பேச்சு நின்றது.

புத்தகம் போல மடங்குகிற சின்னப் பெட்டி அது. மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. மகள் பெனிட்டா வேலூரில் இருந்து வாங்கி அனுப்பியது. யாரோ விளையாடி முடித்த பழைய மிஷின்தான். ஆனால் அந்த வீட்டில் அதற்கு இருந்த மரியாதை புது டிவிக்குக்கூடக் கிடையாது.

காரணம் இருந்தது. மழையில் வண்டி சறுக்கி, வலது மணிக்கட்டு நொறுங்கி, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புகழேந்திக்கு விரல்கள் மடங்கவில்லை. ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தார்கள். பந்து ஜன்னலோரமே கிடந்து தூசி பிடித்தது.

"எங்கப்பா பந்தெல்லாம் அமுக்க மாட்டாரும்மா. ஜெயிக்கிற மாதிரி எதாவது குடுத்தாதான் கை வைப்பாரு" என்றாள் பெனிட்டா. நர்சிங் படிக்கிறவள். சொன்னபடியே ஆயிற்று. மேலிருந்து விழுகிற கட்டைகளை இடைவெளி விடாமல் அடுக்குகிற ஆட்டம் ஒன்று அதில் இருந்தது. முதல் நாளே புகழேந்தி அதில் விழுந்துவிட்டான்.

"தோல் மேல பேட்டர்ன அடுக்குற மாதிரியே இருக்குது மெர்சி" என்றான். விபத்துக்குப் பிறகு அவன் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

புகழேந்தி அந்த ஷூ கம்பெனியில் கை கட்டராக இருந்தவன். முழுத் தோலை மேசையில் விரித்து, தழும்பும் உண்ணிக்கடியும் இல்லாத இடம் பார்த்து, சாம்பிள் ஷூவுக்கான துண்டுகளைக் கத்தியால் அறுத்தெடுப்பான். இப்போது அந்தக் கையால் சட்டைப் பட்டனைக்கூடப் போட முடியவில்லை. ஆனால் போட்டுவிட யாரையும் விடவும் மாட்டான். டி-ஷர்ட்டுக்கு மாறிவிட்டான். சாப்பாட்டை இடது கையால் ஸ்பூனில் எடுத்துக்கொண்டான். 'நீ இரு, நான் பார்த்துக்கறேன்' என்பதுதான் இத்தனை மாதமாக அவன் வாயில் இருந்து அதிகம் வந்த சொல்.

மெர்சி ஆலய ஆராதனை முடிந்து பெத்லகேம் ரயில்வே கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசை மேல் பழைய பேப்பர் விரித்திருந்தது. நடுவில் அந்த மிஷின். மேல் திரை ஒரு பக்கமாகச் சரிந்து, மிச்சமிருந்த ஒரே கீலில் தொங்கியது. புகழேந்தி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பெனிட்டா போன் பண்ணிச்சி" என்றான். "சாயங்காலம் வர்றாளாம்."

மெர்சி பைபிளை அலமாரியில் வைத்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று மெதுவாகக் கேட்டாள்.

"இன்னா திடீர்னு? லீவா?"

"சொல்லல. அவ வர்றதுக்குள்ள இத சரி பண்ணணும்."

உடைத்தது யார் என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"தௌசீப் பாய் கடை தொறந்துதான் இருக்கும். குடுத்துட்டு வரட்டா?"

"குடுக்க வாணாம். நானே பண்றேன். அளவுக்கு மிஷினக் காட்டி, இந்த ஸ்க்ரூவத் தொறக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் மட்டும் வாங்கினு வா."

தௌசீப் அகமதுவின் செல்போன் ரிப்பேர் கடை பஜார் திருப்பத்தில் இருந்தது. பிரியாணிக் கடை வாசலில் பார்சலுக்கு நின்ற கூட்டத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மெர்சி துணியில் சுற்றி வைத்திருந்த மிஷினைக் கொடுத்ததும், அவன் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இடது கீல் போயிடுச்சிக்கா. உள்ள இருக்குற குழாய் பொளந்துருக்கு. புது பாடி ஆர்டர் போட்டா வரும். ஆனா நாளாகும்."

"சாயங்காலம் பொண்ணு வர்றா பாய். அதுக்குள்ள வேணுமாம். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் குடுங்க."

"அண்ணனே பண்றாரா?" லென்ஸைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தான். "கை எப்படி இருக்குது?"

"இருக்குது."

தௌசீப் லென்ஸை மேசையில் வைத்தான். டிராயரைத் துழாவி ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரையும், கூர் முனை இடுக்கி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தான். பிறகு மிஷினின் வலது பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

"அண்ணன் கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பக்கத்துக் கீல் வழியாத்தான் மேல் திரைக்கு ஒரு பட்டை ஒயர் போவுது. காகிதம் மாதிரி இருக்கும். இப்ப பாரம் எல்லாம் அது மேலதான் தொங்குது. அது அறுந்துச்சின்னா திரை போச்சு, அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது. கையில தாங்கினே எடுத்துனு போங்க. வண்டியில வாணாம்."

மெர்சி நடந்தே வந்தாள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில், பிறந்த குழந்தையைத் தாங்குவதைப் போல, அந்தப் பெட்டி.

சாப்பாடு முடிந்து வேலையை ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தார்கள் என்பதைவிட, புகழேந்தி ஆரம்பித்தான், மெர்சி எதிரில் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கினாள் என்பதுதான் சரி. ராத்திரிக்குப் பெனிட்டாவுக்குப் பிடித்ததைச் செய்ய வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரை இடது கையில் பிடித்துத் திருப்பினான். முதல் ஸ்க்ரூ வந்தது. இரண்டாவது வந்தது. எள் அளவு ஸ்க்ரூக்கள். வலது கை மிஷினை மேசையோடு அமுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் பாதிதான் மடங்கியிருந்தன. மெர்சி பார்வையைக் கத்திரிக்காய்க்குத் திருப்பினாள்.

பின்பக்க மூடியைத் தூக்கியதும் புகழேந்தி நிறுத்தினான்.

"மெர்சி, இத பாரு."

பிளந்த குழாயைச் சுற்றிப் பழைய பசை மஞ்சளாகக் காய்ந்திருந்தது. பசைக்குள்ளே ஒரு தீக்குச்சித் துண்டு. முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர், தீக்குச்சியை, முறிந்த எலும்புக்குச் சிம்பு வைத்துக் கட்டியதைப் போல ஒட்டியிருந்தார்.

"ஏற்கெனவே ஒடைஞ்சதா?" மெர்சிக்கு ஒரு நிம்மதி வந்தது. "அப்ப உங்க மேல தப்பு இல்ல."

புகழேந்தி இடுக்கியால் அந்தத் தீக்குச்சியை மெல்லக் கிளறி எடுத்துப் பேப்பர் மேல் வைத்தான்.

"ஒட்டினது இவ்ளோ நாள் தாங்கினுதான இருந்துச்சி? அறைஞ்சது நான்தான்."

அவன் மன்னிப்புக் கேட்கிறவன் இல்லை. கல்யாணமான நாளில் இருந்து மெர்சிக்கு அது தெரியும். இது அதற்கு மிக அருகில் வந்துவிட்டது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"திரும்பவும் ஒட்டினா நிக்குமா? ஷூ ஒட்டுற சொல்யூஷன் இருக்குது, எடுத்துனு வரட்டா?"

"சொல்யூஷன் தோலுக்கு. வளைஞ்சி குடுக்கும். இதுக்கு வளையக் கூடாது." பிளந்த குழாயை விரலால் தடவிப் பார்த்தான். "வெளிய ஒரு வளையம் மாட்டி இறுக்கினா பொளந்தது பொளந்த மாதிரி விரியாது. ஐலெட் எதனா இருக்குதா?"

ஷூவில் லேஸ் நுழைக்கிற ஓட்டைகளுக்கு அடிக்கும் பித்தளை வளையம்தான் ஐலெட். அதே கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை செய்கிறவள் வீட்டில் அதற்குப் பஞ்சமா? தையல் டப்பாவைக் கவிழ்த்தாள். பெரியது, சின்னது, கறுப்பு, பித்தளை என்று மேசையில் உருண்டன. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒன்று பெரிதாக இருந்தது, ஒன்று ஏறவே இல்லை. கடைசியில், குழந்தைகள் ஷூவுக்கு வந்த ஒரு பித்தளை ஐலெட் அந்தக் குழாய் மேல் அளவெடுத்ததைப் போல உட்கார்ந்தது. அதன் விளிம்பு மட்டும் இடித்தது. அராவ வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அராவ ஒரு கை வேண்டும், ஐலெட்டை இறுக்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும்.

புகழேந்தி வலது கையில் இடுக்கியை எடுத்தான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. ஐலெட்டைக் கவ்வின. அரம் ஒரு முறை உரசியது. இரண்டாம் முறை இடுக்கி நழுவி, ஐலெட் தெறித்துச் சமையல் மேடைக்கு அடியில் ஓடிவிட்டது.

அவன் இடுக்கியை மேசையில் போட்டான். நாற்காலியைப் பின்னால் தள்ளினான். வெள்ளிக்கிழமை பார்த்த அதே முகம்.

மெர்சி தரையில் மண்டியிட்டுத் துடைப்பக் குச்சியால் துழாவினாள். காய்கறித் தோலோடு ஐலெட் வெளியே வந்தது. துடைத்து, அவன் முன்னால் வைத்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை, வைத்தாள். பிறகு நின்றாள்.

புகழேந்தி அதைப் பார்த்தான். தன் வலது கையைப் பார்த்தான்.

"நீ பிடி" என்றான்.

"ம்?"

"நீ இடுக்கியில பிடி. நான் அராவறேன்."

இத்தனை மாதங்களில் அவன் அவளிடம் உதவி என்று கேட்டது இதுதான். மெர்சி உட்கார்ந்து ஐலெட்டைக் கவ்விப் பிடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. பித்தளைத் தூள் விழுந்ததைப் போல இமைத்துக்கொண்டாள்.

"ஆடாத" என்றான் அவன்.

"நான் ஆடல. நீங்க ஜாஸ்தி அழுத்தறீங்க."

விளிம்பு போனது. பழைய பசையைச் சுரண்டி எடுத்தார்கள். இரண்டு டியூப் கலந்து பூசும் பசையைத் தீக்குச்சி முனையால் குழைத்து, பிளவில் தடவி, ஐலெட்டை மேலே நுழைத்தார்கள். பட்டை ஒயர் இருந்த பக்கம் ஒரு சொட்டுக்கூடப் போகாமல் மெர்சி ஒரு துண்டுத் தோலை நடுவில் தடுப்பாக வைத்தாள். பிறகு கீலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். பசை இறுகும் வரை அசையக் கூடாது.

கீழ்ப் பக்கத்தை அவன் பிடித்தான். மேல் பக்கத்தை அவள் பிடித்தாள். இரண்டு பேர் தலையும் ஏறக்குறைய முட்டிக்கொண்டன. வெளியே ரயில் போகிற சத்தம் கேட்டது.

"சாமிநாதன் சார் இன்னா சொன்னாரு?" என்று கேட்டான் புகழேந்தி.

மெர்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை அசையும்.

"லெதர் செலக்ஷன் டேபிள்ல ஆள் வேணுமாம். தோல விரிச்சிப் பார்த்து, குறை இருக்குற இடத்துல சாக்பீஸ்ல குறிக்கணும். தரம் பிரிக்கணும். கத்தி பிடிக்க வாணாம்."

"அந்த டேபிள் ஸ்டோர்ல இல்ல இருக்குது?"

"இப்ப மாத்திட்டாங்க."

"எங்க?"

"சாம்பிள் ரூம்ல."

போன ஏப்ரலில்தான் மெர்சியைச் சாம்பிள் ரூமுக்கு இன்சார்ஜ் ஆக்கியிருந்தார்கள். அன்று ஸ்வீட் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தவன் அவன்தான்.

"அப்ப உன் கீழயா?"

"ஆமா."

"மிஷின் மேல கை வச்சினு எழுந்து போக முடியாத நேரமா பார்த்து சொல்ற."

"நீங்கதான கேட்டீங்க? வெள்ளிக்கிழமையே சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள யாரோ சொல்லிட்டாங்க. நீங்க அறைஞ்சிட்டீங்க."

புகழேந்தியின் தாடை இறுகியது. ஆனால் விரல்கள் கீலை விடவில்லை. விட்டால் ஐலெட் நகர்ந்துவிடும்.

"வேலை கேட்டதுக்காக அறையல" என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நீ போய் நிக்கும்போது அவரு மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நினைச்சேன். பாவம்னு பார்த்திருப்பாரு. எனக்காக நீ அதப் பார்த்துனு நின்னிருப்ப. அதான்."

மெர்சிக்கு இது புதிது. கோபம் என்றுதான் இரண்டு நாளாக நினைத்திருந்தாள்.

"பாவம்னு பார்க்கல" என்றாள். "நான் கேட்டு முடிக்கக்கூட இல்ல. 'அவரு எப்பம்மா வருவாரு, நானே கூப்புடலாம்னு இருந்தேன்'னாரு. போன மாசம் தச்ச ஷூல பாதி, தோல் சரியில்லன்னு திரும்பி வந்துச்சி. உண்ணிக்கடிய யாரும் பார்க்கல. நல்லா கண்ணு தெரிஞ்ச ஆளு வேணும்னாரு."

"கண்ணா?"

"கண்ணுதான்."

பக்கத்து வீட்டில் யாரோ குழாயடியில் குடத்தை வைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"எல்லார் கிட்டயும் கத்துற மாதிரி என்கிட்டயும் கத்துவியா?"

"தப்பா குறிச்சா கத்துவேன்."

"நான் எப்ப தப்பா குறிச்சேன்?"

"அப்ப எதுக்கு பயம்?"

புகழேந்தி சிரித்துவிட்டான். "ஆட்டாத, ஆட்டாத" என்று அவள் பதறினாள்.

பசை இறுகியதும் மூடியை மாட்டி, ஸ்க்ரூக்களைப் போட்டார்கள். அவள் ஸ்க்ரூவை இடுக்கியால் நிறுத்திப் பிடிக்க, அவன் திருப்பினான். கேட்காமலே இப்போது கைகள் மாறி மாறி வந்தன. எல்லாம் முடிந்து அவன் மெதுவாகத் திறந்து பார்த்தான். மேல் திரை நேராக நின்றது. பட்டனை அமுக்கினான். இரண்டு திரையிலும் வெளிச்சம் வந்தது. பாட்டும் வந்தது.

மூடும்போதுதான் தெரிந்தது. ஐலெட் லேசாகத் தடுத்தது. பெட்டி முழுசாக மூடவில்லை. விரல் நுழையாத அளவு ஓர் இடைவெளி.

"திரும்பவும் கழட்டி அராவலாமா?" என்றான் புகழேந்தி.

"விடுங்க. இனிமே அறைஞ்சி மூட முடியாது இல்ல? அது போதும்."

அவன் பேப்பரைப் பித்தளைத் தூளோடு மடித்து எடுத்துக்கொண்டு குப்பைக் கூடைக்குப் போனான். அங்கே இருந்தபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டான்.

"கம்பெனி பஸ் இப்பவும் பெத்லகேம் கேட் கிட்டதான் நிக்குதா?"

"அங்கதான் நிக்குது" என்றாள் மெர்சி. அடுப்பைப் பற்றவைத்தாள்.

கத்திரிக்காய் எண்ணெயில் வதங்கி வாசனை வந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. புகழேந்தி மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டே கதவைத் திறந்தான். மகளிடம் காட்டுவதற்கு அவனுக்கு அவ்வளவு ஆசை.

"அப்பா!" பெனிட்டா ஓடி வந்து அவன் வலது கையைத்தான் முதலில் பிடித்தாள். விரல்களை மடக்கி, நீட்டி, திருப்பிப் பார்த்தாள். "பரவால்லையே. பிடிப்பு வந்திருக்குது. எந்த லெவல்ல இருக்கீங்க?"

"லெவல் இருக்கட்டும். இத பாரு, கீல்ல ஐலெட் போட்டிருக்கோம். நானும் உங்கம்மாவும்."

மெர்சி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். அவள் பார்வை மகள் மேல் நிற்கவில்லை. பின்னால் ஆட்டோக்காரர் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். துணிப் பை. புத்தகங்கள் அடைத்த அட்டைப்பெட்டி. சுருட்டிக் கட்டிய மெத்தை. கடைசியாக, ஹாஸ்டலில் சேர்த்த நாளில் மெர்சி தன் கையால் பெயர் எழுதிக் கொடுத்த நீல நிற வாளி.

"இன்னாடி இது? ஒரு ராத்திரிக்கு வர்றவ வாளியெல்லாம் எதுக்கு எடுத்துனு வந்த?"

பெனிட்டா அப்பாவின் கையை விடவில்லை. சிரிப்பு மட்டும் முகத்தில் இருந்து மெல்ல இறங்கியது. பைக்குள் அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், அணைத்தாள். மறுபடி அடித்தது. மறுபடி அணைத்தாள்.

"பசிக்குதும்மா. மொதல்ல சோறு போடு. சாப்புட்டு சொல்றேன்." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "ஆனா நீங்க கோவப்படக் கூடாது."

மெர்சியும் அவனைத்தான் பார்த்தாள். புகழேந்தி மகளின் முகத்தைப் பார்த்தான், வாசலில் குவிந்திருந்த சாமான்களைப் பார்த்தான். அவன் கை மிஷின் மேல் ஒரு முறை இறுகித் தளர்ந்தது. அதைத் திறந்தபடியே ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டான்.

"உள்ள வா. மெத்தைய நான் எடுத்துனு வர்றேன்" என்றான்.

மெர்சி சமையலறைக்குத் திரும்பினாள். காலையில் கட்ட வேண்டிய சாப்பாட்டுக்கு இன்றே கணக்குப் போட வேண்டும். இத்தனை மாதமாக ஒரு டிபன் பாக்ஸ்தான் கம்பெனிக்குப் போனது, புகழேந்திக்கு ஒரு தட்டு வீட்டில் இருந்தது. நாளைக்கு இரண்டு டிபன் பாக்ஸ் போகும். தட்டு என்னவோ, ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வந்திருக்கும் மகளுக்காக வீட்டிலேயேதான் இருக்கப் போகிறது.

எத்தனை நாளைக்கு என்பதை மட்டும், கை கழுவிக்கொண்டிருந்த பெனிட்டா இன்னும் சொல்லவில்லை.